வெள்ளை எழுத்தில் ஒரு திகதி

எந்தக் கேள்விக்கும் அவர் இருந்த இடத்தில் இருந்துகொண்டு பதில் சொன்னதில்லை. எழுந்து வந்து, கேட்டவரின் கொம்பியூட்டருக்கு முன்னால் நிற்பார். பிழை என்று நாங்கள் விரல் வைத்துக் காட்டும் கட்டத்தின்மேல் மௌஸால் ஒரு தட்டு. அதன்பிறகு கட்டத்தைத் திரும்பியும் பார்க்கமாட்டார். எக்செல் தாளின் உச்சியில் நீளமாக ஒரு வெள்ளைப் பட்டை இருக்கிறதல்லவா, தட்டிய கட்டத்துக்குள் உண்மையில் என்ன கிடக்கிறது என்று காட்டுகிற பட்டை, அதைத்தான் பார்ப்பார். பார்த்து முடித்த பிறகுதான் வாய் திறக்கும்.

"முதல்லை உள்ளுக்கு என்ன இருக்கெண்டு பாருங்கோ. பிறகு ஏசலாம்."

கோப்பாயில், கிணறும் வாழைகளும் உள்ள ஒரு வாடகை வீட்டில் எங்கள் அலுவலகம் இருந்தது. குடும்பத்தைத் தனியே கொண்டு நடத்தும் பெண்களுக்குத் தையல் மெசின், கோழிக்கூடு, சின்னக் கடை என்று தொழில் அமைத்துக் கொடுக்கும் ஒரு திட்டம். கிராம அலுவலர்கள் தந்த பெயர்களைச் சேர்த்து ஒரு பட்டியல் தயாரித்திருந்தோம். அந்தப் பட்டியலில் இருக்கும் ஒருவரையே தரவு வேலைக்கு எடுக்கவேண்டும் என்பது திட்டத்தின் விதி. அப்படித்தான் குருநகரிலிருந்து அவர் வந்தார். நான் அந்த அலுவலகத்துக்குப் பொறுப்பானவன். அவருக்கும் எனக்கும் ஏறத்தாழ ஒரே வயது, நாற்பதை எட்டிக்கொண்டிருந்தோம். நான் அவரை 'மிஸ்' என்பேன். அவர் என்னை 'சேர்' என்பார். அந்த 'சேர்' மரியாதையா கண்டிப்பா என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

அவர் யார் என்று முதன்முதலில் எனக்குத் தெரிந்தது ஒரு கூட்டத்தில். பயனாளிகளின் கடைசிப் பிள்ளை பிறந்த திகதியை வைத்து முன்னுரிமை கொடுப்பதாக ஏற்பாடு. சுவரில் பட்டியலைப் பெரிதாக்கிக் காட்டிக்கொண்டிருந்தோம். கொழும்பிலிருந்து வந்த அதிகாரி ஒருவர் பெயர் பெயராக வாசித்துக்கொண்டு வந்தவர், ஓரிடத்தில் நின்றார். திகதி இருக்கவேண்டிய இடத்தில் வேலி அடைத்தமாதிரி '########' என்று கிடந்தது. இன்னும் கீழே போனால் இன்னொன்று. எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு.

"இவையள் தகவல் தரேல்லை. இந்தப் பன்னிரண்டையும் வெட்டிப்போட்டு அடுத்த ஆக்களை எடுங்கோ" என்றார்.

நானும் பேனையை எடுத்துவிட்டேன். பின்வரிசையிலிருந்து கதிரை இழுபடும் சத்தம். அவர் நேரே வந்து, என்னுடைய மடிக்கணினியை ஒரு கேள்வியும் கேட்காமல் தன் பக்கம் திருப்பினார். ஒரு கட்டத்தைத் தட்டினார். மேலே பார்த்தார். பிறகு மேலிருந்து கீழாக ஓடும் அந்த நிரலின் ஓரத்தைப் பிடித்து வலப்பக்கமாக ஒரு இழுவை. வேலி மறைந்து பன்னிரண்டு திகதிகளும் சுவரில் வந்து நின்றன.

"ஆக்கள் தந்தவை சேர். நாங்கள்தான் இடம் விடேல்லை."

மாதத்தின் பெயரை முழுதாக எழுதும்படி நான்தான் அமைத்து வைத்திருந்தேன். மே, ஜூன் என்று சின்னப் பெயருள்ள மாதங்கள் கட்டத்துக்குள் அடங்கிவிட்டன. செப்டெம்பரிலும் நவம்பரிலும் பிறந்த பிள்ளைகளுக்கு இடம் போதவில்லை. நீளப் பெயர் கொண்ட மாதத்தில் பிள்ளை பெற்ற குற்றத்துக்காகப் பன்னிரண்டு பெண்களை வெட்ட இருந்தோம். அதிகாரி சிரித்தார். நானும் சிரித்தேன். மிஸ் சிரிக்கவில்லை. போய்த் தன் கதிரையில் இருந்து, விட்ட இடத்திலிருந்து குறிப்பெடுக்கத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு பட்டியலில் எந்தச் சிக்கல் வந்தாலும் அவர் மேசைக்கே போனது. புதிய அடையாள அட்டையின் பன்னிரண்டு இலக்கங்களும் '1.98E+11' என்று சுருங்கிக் கிடந்ததைப் பார்த்த எங்கள் கள உத்தியோகத்தர் பயந்துபோய், அட்டைப் பிரதிகளை அடுக்கி வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து அடிக்கத் தொடங்கினார். மிஸ் போய் அந்தக் கையைப் பிடிக்காத குறையாக நிறுத்தினார்.

"தம்பி, அடிக்காதேங்கோ. நம்பர் எங்கையும் போகேல்லை. அது தன்ரை பாட்டிலை உள்ளுக்கு இருக்கு. காட்டுற விதந்தான் பிழை."

காட்டும் விதத்தை மாற்றினார். பன்னிரண்டு இலக்கமும் வந்தன. பக்கத்து நிரலில் தொலைபேசி இலக்கங்களின் முன்னால் இருக்கவேண்டிய பூச்சியத்தைக் காணவில்லை. கள உத்தியோகத்தர் இப்போது தைரியமாக, "இதையும் அப்பிடியே காட்டச் சொல்லுங்கோ அக்கா" என்றார்.

அவர் தட்டிப் பார்த்தார். மேலே பட்டையிலும் பூச்சியம் இல்லை.

"இது உண்மையாவே போயிட்டுது. சும்மா காட்டச் சொன்னால் சரிவராது, திருப்பிப் போடத்தான் வேணும். தெரியாமல் இருக்கிறது வேறை, இல்லாமல் போறது வேறை."

இரண்டு கட்டங்களைச் சேர்த்து ஒன்றாக்கினால் அவருக்குப் பொல்லாத கோபம் வரும். தலைப்பு வடிவாக நடுவில் வரட்டுமே என்று நாங்கள் செய்வதுதான். "கலியாணம் கட்டி வைச்சமாதிரி வைச்சிருக்கிறியள். இனி ஒண்டை அசைச்சால் மற்றதும் வரும். ஒழுங்காய் வரிசைப்படுத்தவும் விடாது" என்று முணுமுணுத்துக்கொண்டே பிரித்து வைப்பார். யாரோ நான்கு வரிசைக்கு மஞ்சள் நிறம் பூசியிருந்தால், அலுவலகம் முழுவதும் சுற்றி வந்து "மஞ்சள் எண்டால் என்ன கருத்து?" என்று கேட்பார். பூசியவருக்கே மறந்திருக்கும். "அப்ப ஏன் பூசினனீங்கள்?"

இந்தக் குணம் கொம்பியூட்டரோடு நிற்கவில்லை. ஒருமுறை பள்ளிக்கூடங்களின் பெரிய கிரிக்கெட் போட்டிக்காக, அம்மாவுக்குச் சுகமில்லை என்று சொல்லி நான் லீவு எடுத்தேன். பத்து மணிக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

"சேர், அம்மாக்கு என்ன சுகமில்லை?"

"காய்ச்சல் மிஸ்."

"எத்தினை நாளாய்? இரத்தம் சோதிச்சதோ?"

பின்னால் பாண்ட் வாத்தியமும் பெடியளின் கூச்சலும். நான் வாயைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னேன்.

"சரி சேர். ஆர் துடுப்பெடுத்தாடுகினம்?"

அப்படிப்பட்டவரோடு வேலை செய்வது எல்லோருக்கும் பிடித்திருந்தது என்று சொன்னால் பொய். அறிக்கை அனுப்ப அரை மணித்தியாலம் இருக்கும்போது, கூட்டுத்தொகைக்குக் கீழே மறைத்து வைத்த வரிசை ஒன்றைக் கண்டுபிடித்து, "இதை ஏன் ஒளிச்சு வைச்சிருக்கு?" என்று கேட்பார். கேட்டால் பதில் கிடைக்கும்வரை போகமாட்டார். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் ஏதோ ஒரு வேலையை முடித்தால் போதும். அவருக்கு அது போதாது. எனக்கும் அந்த நாட்களில் முடித்தால் போதும் என்ற அவசரம்தான். அதன் விலையை நான் அறிந்துகொண்ட கதை இது.

பட்டியலில் 'கணவர் காலமான திகதி' என்று ஒரு நிரல் இருந்தது. முப்பத்தொரு பெண்களுக்கு அந்தத் திகதி இல்லை. கணவர் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. அல்லது வீட்டிலிருந்து வெளிக்கிட்டவர் வரவில்லை. உடலும் இல்லை, செய்தியும் இல்லை. களப் படிவத்தில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. ஆனால் கிராமங்களின் தாள்களிலிருந்து நான் பெரிய பட்டியலுக்கு எல்லாவற்றையும் ஒரு சூத்திரம் போட்டு இழுத்தபோது, வெறுமை பூச்சியமாக வந்தது. அந்தப் பூச்சியத்தைத் திகதியாகக் காட்டச் சொன்னால் எக்செல் '00/01/1900' என்று காட்டும்.

அன்று மிஸ் லீவு. அவர்களுடைய ஊர்த் தேவாலயத்தில் பெருநாள். முதற்கட்டக் கூட்டத்துக்கு வரச்சொல்லும் கடிதங்களை அன்றைக்கே தபாலில் சேர்க்கவேண்டும். பட்டியலைத் திறந்தேன். ஆயிரத்துத் தொள்ளாயிரமாம் ஆண்டு, முதலாம் மாதம், பூச்சியமாம் நாள். முப்பத்தொரு இடத்தில். பார்க்க அசிங்கமாக இருந்தது. ஏன் அப்படி வந்தது என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. அந்தக் கட்டங்களைத் தெரிந்தெடுத்து, எழுத்தின் நிறத்தை வெள்ளையாக்கினேன். வெள்ளைத் தாளில் வெள்ளை எழுத்து. முப்பத்தொரு இடமும் துப்புரவாகிவிட்டது. என்னுடைய கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கடிதம் இன்னொரு தாளில் இருந்தது. பட்டியலிலிருந்து பெயரையும் விலாசத்தையும் திகதியையும் அதுவே எடுத்து நிரப்பி அச்சிடும். அது திகதியைத்தான் எடுத்ததே ஒழிய நான் பூசிய வெள்ளையை எடுக்கவில்லை. முதல் ஐந்தாறு கடிதத்தைப் பார்த்தேன், சரியாக இருந்தன. மிச்சத்தை மடித்து உறையில் போட்டோம்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் அவர் வந்தார். கைப்பையை வைக்காமலே என் மேசைக்கு வந்து ஒரு கடிதத்தை விரித்து வைத்தார். என் கையெழுத்து. மேலே அவருடைய பெயர். '00/01/1900 அன்று காலமான தங்கள் கணவரின் குடும்பத்துக்கு' என்று தொடங்கியது.

அவருடைய கணவர் ஒரு ஆடி மாதத்தில் வள்ளத்தோடு போனவர் என்பது எனக்குத் தெரியும். வள்ளமும் வரவில்லை. பட்டியலில் மிஸ்ஸின் பெயர் நாற்பத்தாறாவது வரிசை என்பதும் தெரியும். வெள்ளை பூசும்போது அந்த வரிசையையும் சேர்த்துத்தான் பூசினேன். நான் பெயர்கள் இருந்த பக்கம் பார்க்கவே இல்லை.

"மிஸ்..." என்றேன்.

"பட்டியலைத் திறவுங்கோ சேர்."

திறந்தேன். வெறுமையாகத் தெரிந்த கட்டத்தை அவர் தட்டினார். மேலே பார்த்தார். நானும் பார்த்தேன்.

"வெள்ளை அடிச்சிருக்கிறியள்."

"ஓம்."

"எத்தினை பேருக்குப் போயிட்டுது?"

"முப்பத்தொண்டு."

அவர் அழுவார், அல்லது ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். வெறுமையாக இருந்தால் வெறுமையாகவே எடு, பூச்சியமாக்காதே என்று சூத்திரத்தைத் திருத்தினார். வெள்ளை நிறத்தை எடுத்துக் கறுப்பாக்கினார். கட்டங்கள் இப்போது உண்மையாகவே வெறுமையாக இருந்தன. முடிந்தது என்று நான் மூச்சு விட, அவர் கடிதத் தாளைத் திறந்தார்.

"இஞ்சை பாருங்கோ. திகதியை எடுத்தாலும் 'காலமான' எண்ட சொல்லு அங்கை நிக்குது. அதை எக்செல் எழுதேல்லை சேர்."

அதை எழுதியவன் நான். எல்லோருக்கும் ஒரே கடிதம் போதும் என்று முடிவெடுத்தவனும் நான்.

"புதுக் கடிதம் அனுப்புவம் மிஸ். இண்டைக்கே."

"அனுப்பத்தான் வேணும். ஆனா தபாலிலை அனுப்பிப் பிழை செய்தனாங்கள். நேரை போய்த்தான் எடுக்கோணும்."

மூன்று நாள் அலைந்தோம். அலுவலக வாகனத்தில் நானும் அவரும் சாரதியும். சில வீடுகளில் திகதியைக் கண்டு சிரித்திருந்தார்கள். "எங்கடை பூட்டன் காலத்துத் திகதி" என்றார் ஒருவர். சிலர் கடிதத்தைத் திறக்கவே இல்லை. ஒரு பெண் என்னைப் படலைக்குள் விடவில்லை. அதற்கு அவருக்கு உரிமை இருந்தது. மிஸ் மட்டும் உள்ளே போய், கடிதத்தை வாங்கிக்கொண்டு வந்தார்.

நெல்லியடிச் சந்தியைத் தாண்டி வடக்குக் கரைப்பக்கம் கடைசி வீடு. ஐம்பது வயதிருக்கும் அம்மா ஒருவர். அவருடைய கணவரும் கடலோடியவர்தான். முற்றத்தில் பாயில் இருந்தார். பக்கத்தில் அயல்வீட்டுப் பெண்கள் இருவர். எங்களைக் கண்டதும் அவர்களில் ஒருத்தி எழுந்து, "கடிதம் வந்த நாளிலையிருந்து சாப்பிடுறா இல்லை" என்றாள்.

அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அயல்வீட்டுப் பெண் வாசித்துக் காட்டியிருக்கிறாள். திகதி விளங்காததால் அதை விட்டுவிட்டு மிச்சத்தை வாசித்திருக்கிறாள். காலமான தங்கள் கணவர். இத்தனை வருடமும் ஒருவரும் சொல்லாததைக் கடைசியில் ஒரு கந்தோர் கண்டுபிடித்து, முத்திரை குத்தி, எழுதி அனுப்பியிருக்கிறது என்று அம்மா எடுத்துக்கொண்டார். நெற்றியில் பொட்டில்லை. பொட்டு இருந்த இடத்துத் தோல் மட்டும் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்தது.

"எங்கை கண்டெடுத்தவையாம் தம்பி?" என்று என்னைக் கேட்டார்.

மிஸ் செருப்பைக் கழற்றிவிட்டு, பாயின் ஓரத்தில் அந்த அம்மாவுக்கு நேர் எதிரே இருந்தார்.

"அம்மா, ஒருத்தரும் ஒண்டையும் கண்டெடுக்கேல்லை. இது செய்தி இல்லை. எங்கடை கந்தோரிலை விட்ட பிழை."

"அப்ப அவர் இருக்கிறாரோ?"

நான் பயந்த கேள்வி அதுதான். அந்த நேரத்தில் எவரும் ஒரு ஆறுதல் சொல்லுவார்கள். கடவுளை நம்புங்கள் என்றாவது சொல்லுவார்கள். அவர் அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அதுவும் எங்களுக்குத் தெரியாது அம்மா. போன கிழமை உங்களுக்கு எவ்வளவு தெரியுமோ, அவ்வளவுதான் எங்களுக்கும் தெரியும். இதே கடிதம் எனக்கும் வந்தது."

அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பிள்ளைகள் கேட்பதுபோல, "அப்ப நான் பொட்டு வைக்கட்டோ பிள்ளை?" என்றார்.

"அது உங்கடை விருப்பம் அம்மா. ஆனா இந்தக் கடிதத்துக்காகத்தான் எடுத்தனீங்கள் எண்டால், வையுங்கோ."

அயல்வீட்டுப் பெண் உள்ளே ஓடிப்போய்க் குங்குமச் சிமிழை எடுத்து வந்தாள். அம்மா கண்ணாடி பார்க்காமல் வைத்துக்கொண்டார். சரியான இடத்தில். பிறகு எங்களைத் தேத்தண்ணி குடிக்காமல் போகக்கூடாது என்று மறித்தார்.

திரும்பும் வழியில் நான் மன்னிப்புக் கேட்டேன். மூன்று நாளாக வாய்க்குள் வைத்திருந்த வார்த்தைகள். அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "நீங்கள் மூண்டு நாளும் வந்தனீங்கள் சேர். ஆளை அனுப்பேல்லை" என்றார். மன்னித்ததாகச் சொல்லவில்லை. அவர் இல்லாததைச் சொல்லும் ஆள் இல்லை.

பிழை அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் தலைமை அலுவலகத்தின் பதிவுமுறை திகதி இல்லாத வரிசையை ஏற்றுக்கொள்ளவில்லை. முப்பத்தொரு பேரும் உதவி இல்லாமல் வெளியே நின்றார்கள். அங்கிருந்து தொலைபேசியில், "ஏதாவது ஒரு திகதியைப் போட்டு அனுப்புங்கோ, ஆர் பாக்கப் போகினம்?" என்றார்கள். முன்பென்றால் நான் போட்டிருப்பேன். இந்தமுறை, "அந்த வேலையை நாங்கள் செய்யமாட்டம்" என்று சொன்னேன். சொல்லும்போது எதிர் மேசையில் தட்டச்சுச் சத்தம் ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தது. நானும் அவரும் சேர்ந்து மூன்று பக்கத்தில் ஒரு விளக்கம் எழுதினோம். பதிலுக்கு ஒரு மாதமாயிற்று. 'தெரியவில்லை' என்று ஒரு தெரிவைப் புதிதாகச் சேர்த்தார்கள். முப்பத்தொரு பேரும் உள்ளே வந்தார்கள். வடக்குக் கரை அம்மா கோழி வேண்டாம், கடைதான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கினார்.

திட்டம் முடிந்ததும் அவரவர் வழியில் போனோம். அவருக்கு வேறொரு மாவட்டத்தில் இதைவிடப் பெரிய வேலை கிடைத்தது. சிபாரிசுக் கடிதத்தை நான்தான் எழுதினேன். அதைக் கையில் கொடுத்தபோது, ஒவ்வொரு வரியாக வாசித்து, ஒரு தொடரை எடுத்துவிடச் சொன்னார். 'ஒருபோதும் பிழைவிடாதவர்' என்று எழுதியிருந்தேன்.

போவதற்கு முந்தின மாதம், இறுதி அறிக்கையைப் பார்க்கக் கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். நல்ல மனிதர், எங்கள் கதை தெரியாதவர். பட்டியலைப் புரட்டிக்கொண்டு வந்தவர் அந்த நிரலில் நின்றார். இடையிடையே 'தெரியவில்லை', 'தெரியவில்லை' என்று முப்பத்தொரு இடத்தில்.

"இதைப் பாக்க ஒரு மாதிரி இருக்கு. ஒரு சின்னக் கோடாய்ப் போட்டால் வடிவாய் இருக்குமே?" என்றார்.

நான் வாய் திறக்கமுன் மிஸ் சொன்னார்.

"வடிவில்லைத்தான் சேர். ஆனா அதுதான் இருக்கு."

பெரியவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி அவரைப் பார்த்தார். "உங்களுக்கு இதிலை ஆரையும் தெரியுமோ?"

"ஓம் சேர். நாப்பத்தாறாவது நான்."

பெரியவர் குனிந்து நாற்பத்தாறாவது வரிசையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை வாசித்தார். பெயர், ஊர், பிள்ளைகள் இரண்டு, தெரியவில்லை. பிறகு முதலாவது வரிசைக்குத் திரும்பிப் போய், எல்லாப் பெயர்களையும் மெதுவாக வாசிக்கத் தொடங்கினார்.